குயவனும் புற்றும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊருக்குப் போனால் அப்பா, "பானை இருந்தால் குயவன் இருக்கத்தானே வேண்டும்? இவ்வளவு பெரிய உலகம் தானாகவா வந்தது?" என்கிறார். விடுதிக்குத் திரும்பினால் அறைத் தோழர், "சரி, அந்தக் கடவுளைப் படைத்தது யார்?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுகிறார். இருவர் சொல்வதும் சரியாகவே படுகிறது, இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன், அப்பாவின் பானையையும் தோழரின் கேள்வியையும் அவற்றுக்கு உரிய மரியாதையோடு கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பின்னால் நூற்றாண்டுக் கணக்கான வாதப் போர் இருக்கிறது. உங்கள் காதில் விழுந்தது அதன் கடைசி வரி மட்டுமே.

பானையிலிருந்து குயவனை ஊகிக்கும் வாதத்தை முறையாக வளர்த்தவர்கள் இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தார். மிதிலையைச் சேர்ந்த உதயணர் 10ஆம் நூற்றாண்டில் கடவுள் உண்டு என்பதை நிறுவுவதற்கென்றே 'நியாயகுசுமாஞ்சலி' என்ற நூலை எழுதினார். ஐந்து பகுதிகள். முதல் நான்கில் எதிர்க்கட்சிகளுக்கு விடை சொல்லி முடித்துவிட்டு, ஐந்தாவதில்தான் தம் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் முதலில் நிற்பது இந்தப் பானைதான். உறுப்புகள் கூடி உண்டான எதுவும் ஒரு காரியம். காரியம் என்றால் அதை அறிந்து செய்த கர்த்தா ஒருவர் வேண்டும். மண்ணும் மலையும் உறுப்புகள் கூடி உண்டானவையே. ஆகவே அவற்றுக்கும் கர்த்தா உண்டு. உதயணரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பூரி ஜகந்நாதரைச் சேவிக்கப் போனபோது நடை சாத்தியிருந்ததாம். பௌத்தர்கள் வாதுக்கு வந்தபோது நீ இருக்கிறாயா இல்லையா என்பதே என் கையில் இருந்ததை மறந்துவிட்டாயா என்று சாமியிடமே சண்டைக்குப் போய்விட்டாராம். கதைதான். ஆனாலும் ஒரு தர்க்கவாதி தன் வேலையை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டான் என்பது அதில் தெரிகிறது.

உதயணருக்கு முன்னூறு ஆண்டுகள் முன்பே, 7ஆம் நூற்றாண்டில், பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இந்த வாதத்தின் அடிமடியில் கைவைத்துவிட்டார். 'பிரமாணவார்த்திகம்' என்ற நூலில் அவர் எடுத்துக்காட்டியது ஒரு புற்று. பானையும் மண், புற்றும் மண். இரண்டுக்கும் வடிவம் உண்டு. மண்ணாலான வடிவம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குயவனை ஊகிக்கலாம் என்றால், புற்றையும் குயவன்தான் வனைந்தான் என்று சொல்ல வேண்டிவரும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. குயவன் வனைவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே ஆளில்லாத காட்டில் ஒரு பானை கிடந்தாலும் குயவனை நினைக்கிறோம். மலையை ஒருவர் வனைந்து யாரும் பார்த்ததில்லை. வடிவம் என்ற பொதுப்பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதற்காகப் பானைக்குச் செல்லும் ஊகம் மலைக்கும் செல்லாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வேலியோரத்தில் ஒரு கரையான் புற்றை நின்று பாருங்கள். மழை கரைக்காத கெட்டியான மேலோடு, உள்ளே ஒன்றோடொன்று இணையும் வழிகள், காற்று வந்துபோகத் துளைகள். ஒரு கொத்தனார் பார்த்தாலும் மெச்சுகிற வேலை. மண்ணை எச்சிலில் குழைத்து உருண்டை உருண்டையாக வைத்த கரையான்களில் ஒன்றுக்குக்கூட முழுப் புற்றின் உருவம் தெரியாது. பக்கத்தில் ஈரமாக இருக்கும் உருண்டையின் மேல் அடுத்த உருண்டையை வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒழுங்கு இருக்கிற இடத்திலெல்லாம் அந்த ஒழுங்கை முன்கூட்டி நினைத்த ஒரு மனம் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தின் தத்துவவாதி டேவிட் ஹியூம் தர்மகீர்த்தியைப் படித்தவர் அல்லர். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1779இல், வெளிவந்த உரையாடல் நூலில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்கிறார். வீட்டைப் பார்த்துக் கொத்தனை ஊகிக்கலாம், ஏனென்றால் பல வீடுகள் எழும்புவதைப் பார்த்திருக்கிறோம். உலகம் எழும்பியதை யார் பார்த்தது? அப்படியே ஊகித்தாலும் கர்த்தா ஒருவர்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு கப்பலைப் பல தச்சர்கள் சேர்ந்து கட்டுவது போல இதையும் பலர் சேர்ந்து செய்திருக்கலாமே என்கிறார். இருபத்து மூன்று ஆண்டு கழித்து வில்லியம் பேலி அதே வாதத்தைக் கடிகாரத்தை வைத்துப் புதுப்பித்தார். 1859இல் டார்வின் வந்தார். கண்ணும் சிறகும் யாரும் திட்டமிடாமலே, தலைமுறை தலைமுறையாகச் சிறு மாறுதல்களும் தேர்வும் சேர்ந்து உருவாக முடியும் என்று காட்டினார். புற்று வென்றது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் தோழரின் கேள்வி. கடவுளைப் படைத்தது யார்? கேட்டவுடன் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது குறி தவறிய கேள்வி. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று உதயணர் சொல்லவில்லை. 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலியும் சொல்லவில்லை, கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸும் சொல்லவில்லை. தோன்றியது எதுவோ, பிறிதொன்றைச் சார்ந்து நிற்பது எதுவோ, அதற்குத்தான் காரணம் வேண்டும் என்றார்கள். தோற்றமில்லாத ஒன்றைப் பற்றி அதைத் தோற்றுவித்தது யார் என்று கேட்டால் அவர்கள் வாயடைத்துப்போக மாட்டார்கள்.

உங்கள் தோழர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மீமாம்சகர்கள் கேட்டார்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கும். வேதத்தைத் தவிர வேறெதையும் உயர்வாகக் கொள்ளாத, யாகமே கதி என்றிருந்த அவர்கள், உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் தேவையில்லை என்று வாதிட்டவர்கள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலபட்டர் இதில் தலையானவர். உலகத்துப் பொருள்கள் ஒவ்வொன்றும் தோன்றி மறைகின்றன, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உலகம் முழுவதுமாக ஒரு நாள் இல்லாமலிருந்து பிறகு தோன்றியது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இது என்றும் இப்படியேதான் இருந்து வருகிறது. 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், கொபிள்ஸ்டன் பாதிரியாரோடு வாதிட்டபோது இதையேதான் வேறு உருவில் சொன்னார்: ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு தாய் உண்டு, அதனால் மனித குலம் முழுமைக்கும் ஒரு தாய் உண்டு என்றாகாது.

பெருவெடிப்பு இதைத் தீர்த்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம், இயற்பியல் மாணவர் ஆயிற்றே. பிரபஞ்சம் விரிவதை வைத்து அதன் தொடக்க நிலையைப் பற்றி முதலில் எழுதியவர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது லெமைத்ர் அதை விரும்பவில்லை. தம் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. வாழ்நாள் முழுவதும் பூசை செய்த மனிதர், தம் கட்சிக்கு வந்த இனாமை வேண்டாம் என்றார். 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரபஞ்சம் மிகச் சூடான, மிக அடர்த்தியான நிலையில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன் என்ன, முன் என்று ஒன்று உண்டா என்பதை அந்த அளவீடு சொல்லாது.

நீங்கள் கேட்ட, கிறிஸ்தவ அறிஞர் ஆன்செல்மின் வாதத்தையும் ஒரு பத்தியில் கடக்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் அவர், இதைவிடப் பெரிதை நினைக்கவே முடியாது என்ற அளவுக்குப் பெரியவர் கடவுள், இல்லாமலிருப்பதைவிட இருப்பது பெரிது, ஆகவே கடவுள் இருக்கிறார் என்றார். அதே காலத்துத் துறவி காவுனிலோ, இந்தக் கணக்கில் எல்லாவற்றையும்விடச் சிறந்த தீவு ஒன்றும் கடலில் எங்காவது இருந்தாக வேண்டுமே என்றார். 1781இல் தத்துவவாதி காண்ட், இருத்தல் என்பது ஒரு பொருளின் குணங்களில் ஒன்றாகச் சேராது என்று காட்டினார். கூர்மையான மூளைகள் இன்றும் இதில் ஈடுபடுகின்றன. என்னை இது அசைத்ததில்லை.

என்னை அசைத்தவர் மெய்கண்டார். தாமஸ் அக்குவினாஸ் ஐரோப்பாவில் எழுதிக்கொண்டிருந்த அதே 13ஆம் நூற்றாண்டில், திருவெண்ணெய்நல்லூரில், 12 சூத்திரங்களில், வெறும் 40 அடிகளில் அவருடைய 'சிவஞானபோதம்' பிறந்தது. முதல் சூத்திரமே கடவுள் உண்மைக்கான வாதம். ஆண், பெண், அஃறிணை என்று பகுக்கப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; ஒடுக்குகிறவன் எவனோ அவனே மீண்டும் தோற்றுவிக்கிறவன் என்று முடிவிலிருந்து முதலைப் பிடிக்கிறார். இங்கேயும் பானைதான் உவமை. ஆனால் சைவ சித்தாந்தத்தில் அந்த உவமை முழுதாகக் கணக்கில் வருகிறது. குயவன் மட்டும் போதாது; மண் வேண்டும், திரிகை வேண்டும். இறைவன் நிமித்த காரணம், மாயை முதற்காரணம், அவன் சத்தி துணைக்காரணம். சூனியத்திலிருந்து உலகைப் படைத்த கடவுளை மெய்கண்டார் பேசவில்லை. பதியைப் போலவே பசுவும் பாசமும், அதாவது உயிர்களும் அவற்றைப் பிணித்திருக்கும் மலமும், தொடக்கமில்லாதவை. இறைவன் உலகைத் தோற்றுவிப்பது, மலத்தில் கட்டுண்டு கிடக்கும் உயிர்கள் வினையைத் துய்த்து விடுபடுவதற்காக.

இது ஏன் முக்கியம் என்றால், கடவுள் மறுப்பில் வலுவான வாதம் பானையைப் பற்றியது அல்ல, துன்பத்தைப் பற்றியது. குமாரிலர் அதையும் கேட்டிருக்கிறார். படைப்பவன் எதற்காகப் படைத்தான்? கருணையால் என்றால், படைப்பதற்கு முன் இரங்குவதற்கு யார் இருந்தார்கள்? கருணை உள்ளவன் இன்பத்தை மட்டுமல்லவா படைத்திருப்பான்? டார்வின் 1860இல் தம் நண்பர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குளவியைச் சொல்கிறார். அது உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும். அன்புள்ள, எல்லாம் வல்ல ஒருவர் இதை வேண்டுமென்றே செய்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று எழுதினார்.

1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. தப்பியவர்கள் மேல் கடல் ஏறியது, நெருப்பு பரவியது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் நின்றிருந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆழிப்பேரலையில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதம் என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்தியை நான் பழிக்கவில்லை. ஆனால் மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்ற பிள்ளையைக் கடல் கொண்டுபோன தாயிடம் அந்த அற்புதத்தை எப்படிச் சொல்வது?

அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சமையல் கொட்டகையில் பற்றிய நெருப்பு கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவியது. இதற்கு நம்பிக்கையாளர் ஒரு விடை சொல்லலாம்: மனிதனுக்குச் சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது, அந்தச் சுதந்திரத்தின் விலை மனிதன் செய்யும் தவறுகள், கூரையை அப்படியே விட்டது மனிதர்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் இந்த விடையை மிகக் கறாரான தர்க்கமாக ஆக்கினார். கும்பகோணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். நாகப்பட்டினத்துக்குப் பொருந்தாது. கடலடித் தட்டு சரிந்ததில் எந்த மனிதனின் விருப்பமும் இல்லை.

மேல்நாட்டு நாத்திக நூல்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன: எல்லாம் வல்லவன், எல்லையற்ற அன்பினன், ஆனாலும் துன்பம் உண்டு, ஆகவே அப்படிப்பட்டவன் இல்லை. மெய்கண்டாரின் மேல் இந்த அம்பு நேராகப் பாயாது. அவருடைய கடவுள் மலத்தைப் படைக்கவில்லை. அது முன்பே இருக்கிறது. துன்பம் உயிரின் வினைக்குரிய பயன், அதுவும் மலம் கழிவதற்கான மருந்து. பெற்றவர் பிள்ளையை அடிப்பதும் அன்பினால்தான் என்பது போல, தண்டிப்பதும் கருணையே, அது மறக்கருணை என்று சித்தாந்தம் சொல்லும். தர்க்கத்தில் பழுதில்லாத அமைப்பு இது. இதை அசைக்க வேண்டுமானால் வினைக் கொள்கையோடுதான் மோத வேண்டும்.

அப்படி மோதியவர் ஒரு 23 வயது இளைஞர். பகத்சிங் லாகூர்ச் சிறையில் தூக்கை எதிர்நோக்கியிருந்த 1930 அக்டோபரில் 'நான் ஏன் நாத்திகன்?' எழுதினார். தண்டனை எதற்காக என்று கேட்கிறார். பழிவாங்க, பயமுறுத்த, திருத்த. நாகரிக உலகம் ஏற்பது கடைசியானதை மட்டுமே. பாவம் செய்ததால் போன பிறவியில் கழுதையாகப் பிறந்தேன் என்று நினைவோடு சொல்லும் ஒருவரையாவது கண்டீர்களா? செய்த குற்றம் எது என்று தெரியாதவன் எப்படித் திருந்துவான்? பிறகு இன்னும் ஒரு படி போகிறார். வறுமையில் பிறப்பதே தண்டனை என்றால், தாழ்த்தப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தைக்கு எழுத்தறிவை மறுக்கும் சமூகம் குற்றமற்றதாகிவிடும். இந்தக் கொள்கை யாருக்கு வசதியோ அவர்கள் உண்டாக்கியது என்கிறார். ப. ஜீவானந்தம் அதை 1930களிலேயே தமிழாக்கினார், பெரியார் இயக்கத்தின் வெளியீடாக வந்தது, அதற்காக ஜீவா கைதானார். மெய்கண்டாருக்கு எதிரான மிகச் சரியான கேள்வி லாகூரில் எழுதப்பட்டு இப்படித் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

மறக்கருணை என்ற விடையை நான் நீண்ட காலம் மதித்து யோசித்திருக்கிறேன். அடி வாங்கும் பிள்ளைக்கு எதற்காக அடி என்று தெரிந்தால்தான் அது கருணை. தெரியாவிட்டால் வலி மட்டுமே மிஞ்சும். அந்த 94 குழந்தைகளைப் பற்றி முன்வினை என்று சொல்ல என் வாய் வரவில்லை. ஆகவே என் முடிவு: உலகை அன்போடு நடத்தும் ஒருவர் இருக்கிறார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதற்குக் காரணம் பானை வாதத்தின் ஓட்டையல்ல, துன்பத்துக்குக் கிடைக்காத விடை.

இதனால் உங்கள் தோழர் வென்றார் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணால் காணாததை ஒப்பமாட்டேன் என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். 'மணிமேகலை' காப்பியத்திலும் இப்படி ஒருவன் வருகிறான். வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுவந்து, கடைசியில் பூதவாதியைச் சந்திக்கிறாள். காட்சி ஒன்றே அளவை என்கிறான் அவன். உன் தாய் தந்தை இன்னார் என்பதை ஊகத்தாலன்றி எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். கடவுளை நம்பாதவனும் ஊகத்தை நம்பித்தான் வாழ்கிறான். அணுவையும் பெருவெடிப்பையும் நாம் அப்படித்தான் அறிந்தோம். தவிர, எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714இல் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் விடை கிடையாது. அது முட்டாள்தனமான கேள்வி என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. அப்பா "தானாகவா வந்தது?" என்று கேட்கும்போது பானைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான். அதைக் கேலி செய்யாதீர்கள்.

அருணந்தி சிவாச்சாரியாரின் 'சிவஞானசித்தியார்' பரபக்கத்தை ஊருக்கு எடுத்துப் போங்கள். பதினான்கு எதிர்க்கட்சிகள், முதலில் கடவுளை மறுக்கும் உலகாயதன். அவன் மதத்தை முழுமையாகச் சொல்ல விட்டு, அதன் பிறகே மறுதலையைத் தொடங்குகிறார். எதிராளிக்கு அவ்வளவு இடம் கொடுத்த ஒரு நூலை அப்பாவும் மகனும் சேர்ந்து படிக்கலாம். ஜீவாவின் மொழிபெயர்ப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், நீங்கள் எந்த வரியில் தயங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இழவு வீட்டுக்குப் போக நேர்ந்தால் மட்டும், நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும், வினை என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள்.

அன்புடன்.